மனநல உதவிக்கு எங்கே போவது: வீட்டார் முடிவெடுக்க ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டில் மனநல உதவி தேடி அலைவது பெரும்பாலும் வீட்டார்தான். மகன் மூன்று மாதமாக அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா குடியை விடுவதாக இல்லை. குழந்தை பெற்று வந்த மகள் நாள் முழுக்க அழுகிறாள். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற பயத்தில், தெரிந்தவருக்குத் தெரிந்த ஒரு டாக்டர் பெயரை வாங்கிக்கொண்டு சென்னைக்கோ மதுரைக்கோ கிளம்புகிறார்கள். முதல் தடவை கடன் வாங்கிப் போகிறார்கள். இரண்டாம் தடவை எப்படியோ போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு போவதில்லை. மாத்திரை நிற்கிறது, சில மாதத்தில் பழைய நிலை திரும்புகிறது. "டாக்டரிடம் காட்டியும் பிரயோசனம் இல்லை" என்ற பேச்சு வீட்டில் நிலைத்துவிடுகிறது.

2015-16ல் பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. சிகிச்சை கிடைக்காதவர்களின் விகிதம், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை. வழி இல்லாததால் மட்டும் இப்படி ஆவதில்லை. இருக்கிற வழிகளில் எது யாருக்கு என்று தெரியாததும் ஒரு காரணம். அதனால் ஒவ்வொரு வழியையும் இங்கே ஒரே கேள்வியால் அளக்கிறேன்: அடுத்த ஒரு வருஷம் இதை விடாமல் தொடர உங்களால் முடியுமா? பேர்போன இடத்தைவிடத் தொடர்ந்து போக முடிகிற இடமே மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பிட நேரமில்லாத நிலை

சாகப் போவதாகச் சொல்கிறார், அதற்கு ஏற்பாடும் செய்கிறார். நாள்கணக்கில் தூங்காமல், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அலறுகிறார். சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம் என்கிறார். பிரசவமான ஓரிரு வாரத்தில் தாய் ஆளே மாறிப்போய்க் குழப்பமாகப் பேசுகிறாள். இவற்றில் எது நடந்தாலும் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பல பேருக்கு அப்படி ஒருவர் கேட்பதே பெரிய ஆறுதல். அதோடு வீட்டில் உள்ள பூச்சிமருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முறையைச் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு சோதித்துப் பார்த்தது. தற்கொலைகள் குறைந்தன. அந்த எண்ணம் அலைபோல் எழுந்து தணியக்கூடியது என்பதால், தணியும்வரை கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும்.

போனில் கிடைக்கும் உதவி

14416 என்பது ஒன்றிய அரசின் டெலி-மானஸ் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இலவசம், நாள் முழுவதும் உண்டு, தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், உங்கள் மாவட்டத்தில் எங்கே போகலாம் என்றும் சொல்வார். மாநில அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தேர்வு முடிவு வரும் நாட்களில் மாணவர்களுக்கான ஆலோசனையும் அந்த எண்ணில் உண்டு.

சென்னையின் சினேகா வேறு வகை. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு அது. எண் 044-24640050. அங்கே பேசுவோர் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல மாட்டார்கள், குறை சொல்ல மாட்டார்கள், முழுக்கக் கேட்பார்கள். ஆகவே 'எங்கே போவது, என்ன செய்வது' என்ற கேள்வி இருந்தால் 14416. நெஞ்சில் இருப்பதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்றிருந்தால் சினேகா. குடி, போதை பற்றிக் கேட்க 14446 என்ற தேசிய எண் இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098.

இந்த எண்கள் நோயுற்றவருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் கூப்பிடலாம், தன் களைப்பைப் பற்றியே பேசலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர்தான் எடுப்பார். அதனால் தொடங்குவதற்குப் போன் சேவை நல்லது. ஒரு வருஷத்தை அதை மட்டும் வைத்து ஓட்ட முடியாது.

தானே சமாளிப்பது எந்த அளவு வரை சரி

வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், ஆனால் எதிலும் பிடிப்பில்லை, மனசு பாரமாக இருக்கிறது. இந்த அளவில் இருப்பவருக்குச் சுயமுயற்சி உண்மையிலேயே பலன் தரும். அதற்கும் ஒரு முறை வேண்டும். மனச்சோர்வு வந்தவர் "மனசு சரியானதும் செய்கிறேன்" என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறார். செய்யாததால் மனசு இன்னும் இறங்குகிறது. இந்தச் சுழலை உடைக்க, மனசு ஒத்துழைக்காவிட்டாலும் நாளைக்கு இரண்டு சின்ன வேலையைக் குறித்த நேரத்தில் செய்வது என்று எழுதி வைத்துச் செய்ய வேண்டும். காலையில் கால் மணி நேரம் நடப்பது, நண்பனுக்கு ஒரு போன், துணி மடிப்பது, எதுவானாலும் சரி.

இதே முறையை வைத்துக் கோவாவில் நடந்த ஓர் ஆய்வு 2017ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கே நல்ல பலன் கிடைத்தது. இதில் நமக்கு வேண்டிய பாடம், இன்னொரு ஆள் வாராவாரம் "செஞ்சியா?" என்று கேட்பதில்தான் பாதி பலம் இருக்கிறது என்பது. தனியாகப் புத்தகம் படிப்பதைவிட, யூடியூப்பில் ஒவ்வொரு நாளும் ஒரு புதிய யோசனை கேட்பதைவிட, ஒரே முறையை ஒருவர் துணையோடு ஒரு மாதம் செய்வது எவ்வளவோ மேல்.

அப்புறம், தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் மனச்சோர்வு போலவே காட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வழக்கமான டாக்டரிடமோ ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாட வேலையே ஓடவில்லை என்றால், அல்லது காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது என்றால், சுயமுயற்சியில் நேரத்தைப் போக்கக் கூடாது. குரல்களும் வீண் சந்தேகமுமாக வரும் மனச்சிதைவும், அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலாரும் யோகாவாலும் மன உறுதியாலும் மட்டும் தீருகிறவை அல்ல. "தைரியமா இரு" என்று அவரிடம் சொல்வது, அவரால் முடியாத ஒன்றைக் கேட்டு அவரைக் குற்றவாளி ஆக்குவது.

கவுன்சிலரா, உளவியலாளரா, மனநல மருத்துவரா

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் எம்.ஃபில். போன்ற சிறப்புப் படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர். மாத்திரை எழுத மாட்டார், பேச்சுவழிச் சிகிச்சையும் பரிசோதனைகளும் செய்வார். கவுன்சிலர் என்ற பலகைக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். முதுகலை படித்துப் பல வருஷம் அனுபவம் உள்ளவரும் இருப்பார், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் இருப்பார்.

ஆகவே கேளுங்கள்: என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன, மாத்திரை தேவைப்பட்டால் எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? நல்லவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். கடைசிக் கேள்விக்கு "மாத்திரையே தேவைப்படாது, நான் பார்த்துக்கிறேன்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

பரீட்சை பயம், கணவன் மனைவி சண்டை, துக்கம், வேலை அழுத்தம் என்றால் உளவியலாளரிடமோ நல்ல கவுன்சிலரிடமோ தொடங்கலாம். பெருநகரங்களில் ஓர் அமர்வுக்கே ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். குறைந்தது ஆறு அமர்வுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டோடு நிற்பதாக இருந்தால் அந்தப் பணம் வீண். தூக்கம் அடியோடு போய்விட்டது, சந்தேகம், குரல்கள், அளவுமீறிய உற்சாகம், தற்கொலை எண்ணம் என்றால் மனநல மருத்துவர்தான் முதலில்.

மாத்திரையைப் பற்றிய பயம் எல்லா வீட்டிலும் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் வயிற்றுப் புரட்டல், தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகள் மட்டும் தெரியும். நிறைய பேர் நிறுத்திவிடுவது இந்த இடைவெளியில்தான். அவை அடிமைப்படுத்தும் மாத்திரைகள் அல்ல, ஆனாலும் திடீரென நிறுத்தக் கூடாது. பழக்கமாகிவிடும் ஆபத்து இருப்பது சில தூக்க மாத்திரைகளில். அவற்றைப் பழைய சீட்டை வைத்து மாதக்கணக்கில் மருந்துக்கடையில் வாங்குவது தவறு.

அரசு மருத்துவமனையா, தனியாரா, அறக்கட்டளையா

முடிவெடுக்கத் திணறுகிற பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது ஜி.எச்.தான்.

கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் ஒவ்வொரு தடவையும் வேறொரு இளம் மருத்துவர் பார்ப்பார், கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். மனச்சிதைவுக்கோ பைபோலாருக்கோ வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு எதுவும் இல்லை. 1996ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில் திருச்சி ஆரம்பத்திலேயே சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அது இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவு நடப்பதோடு, குறித்த நாட்களில் மருத்துவக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறது. உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை வருகிறது என்று மருத்துவமனையில் கேளுங்கள். இருநூறு கிலோமீட்டர் பயணம் இருபது கிலோமீட்டராகக் குறையலாம்.

கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் என்றாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 1794ல் தோன்றிய நிறுவனம் அது. இன்று அங்கே வெளிநோயாளிகளாக வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். 'கரண்ட் வைப்பார்கள்' என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு: மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் மின்சிகிச்சை கொடுப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

தனியாரிடம் கிடைப்பது ஒரே மருத்துவர், மாலை நேரம், ரகசியம். வேலைக்குப் போகிறவருக்கு இது முக்கியம். மாதச் செலவை ஒரு வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்து, முடியும் என்றால் போகலாம். முடியாது என்றால் முதலில் தனியாரிடம் நோய் என்ன என்று தெரிந்துகொண்டு, அந்தச் சீட்டோடு ஜி.எச்.சில் மாத்திரையைத் தொடர்வதிலும் தவறில்லை. பல குடும்பங்கள் இப்படித்தான் சமாளிக்கின்றன. ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் காப்பீட்டைக் கேளுங்கள். உடல்நோய்க்கு இருப்பதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

அறக்கட்டளை நிறுவனங்களில் சிலவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை அண்ணா நகரில் இருக்கும் ஸ்கார்ஃப், மனச்சிதைவுக்கென்றே 1984ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது. மாத்திரைக்கு அடுத்த கட்டம் அங்கே நன்றாக நடக்கிறது: வேலைப்பயிற்சி, பகல்நேர மையம், குடும்பத்துக்கு விளக்கம். வீடற்று அலையும் பெண்களுக்காக 1993ல் தோன்றியது பான்யன். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957ல் தொடங்கிய நாளிலிருந்தே, சேர்க்கப்படுகிறவரோடு குடும்பத்தில் ஒருவர் தங்க வேண்டும் என்ற முறையை வைத்திருக்கிறது. நோயைப் புரிந்துகொண்டு வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கூடவே இருந்து கற்கலாம். ஒரே வாய்ப்பாக வெளியூர் பயணம் செய்ய முடிகிற குடும்பம் அதை இப்படிப்பட்ட இடத்துக்குச் செலவிடட்டும், திரும்பி வந்து உள்ளூரில் மாத்திரையைத் தொடரட்டும்.

கோயிலும் தர்காவும்

குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்குவதும், ஏர்வாடி தர்காவுக்குப் போவதும் நம் மக்களின் நீண்ட நாள் வழக்கம். அங்கே கிடைக்கும் ஆறுதல் பொய்யில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஐ மறக்க முடியாது. ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்று எந்த மனநோயாளியையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவது சட்டவிரோதம். பின்னாளில் அரசு, தர்காவுக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல சிகிச்சையும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தது. ஆகவே சாமியா, மருந்தா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்துக்கும், கட்டி வைக்கும் இடத்துக்கும், அடிக்கும் இடத்துக்கும் மட்டும் உங்கள் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்.

குடும்பத்துக்கான உதவி

இதைத்தான் நாம் கடைசியில் வைக்கிறோம், பெரும்பாலும் தேடுவதே இல்லை. 1950களின் பிற்பகுதியில் லண்டனில் தொடங்கிய ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கின. மனச்சிதைவு உள்ளவர் ஓயாமல் குறை சொல்லும், வெறுப்புக் காட்டும், அல்லது மூச்சுமுட்ட அக்கறை காட்டும் வீட்டுக்குத் திரும்பினால் நோய் மறுபடியும் வரும் வாய்ப்பு கூடுகிறது. 1987ல் வெளியான சண்டிகர் ஆய்வில், இந்தியக் குடும்பங்களில் அந்தக் கடுமை லண்டனைவிடக் குறைவு என்று தெரிந்தது. குடும்பத்தால் நோய் வருவதாக இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டின் பேச்சு மாறினால் நோயின் போக்கு மாறும் என்பதுதான் செய்தி. குடும்பத்துக்கு நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தால் மறுபடியும் வருவது குறைகிறது என்பதும் பல நாடுகளில் நிரூபணமானது.

குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவியில் மூன்று வகை உண்டு. மருத்துவமனையின் உளவியல் சமூகப் பணியாளர் வீட்டாரோடு உட்கார்ந்து நோயை விளக்குவது ஒன்று. மனச்சிதைவு, பைபோலார் உள்ள வீடுகளுக்கு இது அவசியம். அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது குடும்பச் சிகிச்சை, எல்லோரும் சேர்ந்து உட்காருவது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பேச்சே நின்றுபோன வீட்டுக்கு இது ஏற்றது, ஆனால் பெரிய ஊர்களுக்கு வெளியே அரிது. மூன்றாவது, அதே அனுபவம் உள்ளவர்களின் குழு.

குடி உள்ள வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். குடிப்பவருக்கு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்களின் கூட்டங்கள் இருப்பது பலருக்குத் தெரியும். அவருடைய மனைவிக்கும் பெற்றோருக்கும் அல்-அனான் என்று தனிக் குழு இருப்பது தெரியாது. 1951ல் அமெரிக்காவில் தொடங்கியது, சென்னையிலும் கூடுகிறது. கட்டணம் கிடையாது, பெயரை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. குடிப்பவர் ஒத்துக்கொண்டாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாட்டிலைத் தேடி ஒளித்து வைப்பது, அலுவலகத்துக்குப் பொய் சொல்வது, கடனை அடைப்பது என்று தன் வாழ்க்கை முழுக்க அவர் குடியைச் சுற்றியே ஓடுவதை அங்கே வரும் பெண்கள் வேறொருவர் வாயால் கேட்கிறார்கள். சிகிச்சை என்றால் அடையாறு பக்கம் டி.டி.கே. மருத்துவமனை, 1980ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அமைப்பு. குடும்பத்தாருக்கான நிகழ்ச்சியும் அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. நீண்ட நாள் கடுமையாகக் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பும் குழப்பமும் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

வர மாட்டேன் என்றால்

"எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்பவரிடம் வாதாடிப் பயனில்லை. அவருக்கே தொந்தரவாக இருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தூக்கம் வரவில்லை, தலை வலிக்கிறது, உடம்பு அசதி. "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம்" என்பது பொய்யும் இல்லை. கோயிலுக்கு என்று ஏமாற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாதீர்கள், அடுத்த தடவை உங்களை நம்ப மாட்டார். முதல் தடவை நீங்கள் மட்டும் மருத்துவரிடம் போய், எப்போது தொடங்கியது, என்ன மாறியது, தூக்கம் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று எழுதிக் கொடுத்து யோசனை கேட்கலாம். உணவில் மாத்திரையைக் கலந்து கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். கண்டுபிடித்த அன்றே, சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்ற அவருடைய சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள்.

உயிருக்கு ஆபத்து இருக்கும்போது சம்மதம் இல்லாமலும் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவருடைய நியமனப் பிரதிநிதி (தனக்காகப் பேச அவரே நியமித்தவர், அப்படி யாரும் இல்லையென்றால் பெரும்பாலும் உறவினர்) விண்ணப்பிக்க வேண்டும், மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், முதலில் 30 நாள் வரைதான். வீட்டார் கையெழுத்து மட்டும் போதும் என்று சொல்லி ஆள் அனுப்பித் தூக்கிப்போகும் 'மறுவாழ்வு மையங்கள்' சட்டப்படி நடப்பவை அல்ல.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு ஃபைல் போடுங்கள். எல்லா மருந்துச் சீட்டும் தேதி வரிசையில் இருக்கட்டும், மாத்திரைப் பெயர்களைப் போனிலும் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எத்தனை நாள், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டு அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் மாறினாலும், கூட்டிப்போகும் ஆள் மாறினாலும் சிகிச்சை அறுந்துபோகாது. அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் குறித்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.